கொல்லையில் நின்றவர்

என் புகுந்த ஊரில் ஒவ்வொருவரும் இரண்டு பேராக இருந்தார்கள். ஒருவர் ஊருக்குள் நடமாடுவார்; இன்னொருவர் என் மாமனாருடைய அண்ணனின் புன்செய்க் கொல்லையில் அசையாமல் நிற்பார். கறம்பக்குடியிலிருந்து வண்டிப்பாதையில் போனால் ஊருக்கு முன்னால் அந்தக் கொல்லைதான் வரும். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் கல்யாணமாகி வந்தபோது, வேலியோரம் நின்ற கும்பலைப் பார்த்து, எங்களை அழைக்க வந்தவர்கள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த அண்ணன், எனக்குப் பெரிய மாமா, கிணறு வெட்டுகிறவர். யாரிடமும் சிலை செய்யக் கற்றதில்லை. கிணற்றில் எடுத்த களிமண்ணில் வைக்கோலும் சுண்ணாம்பும் குழைத்து, ஓட்டுச் சில்லு, வளையல் துண்டு, உடைந்த சோடா பாட்டில் எல்லாம் பதித்து, ஊர்க்காரர்களைச் செய்து நிறுத்தினார். சாமி ஒன்றுகூடக் கிடையாது. எல்லோருக்கும் கண் மட்டும் மூடியிருக்கும். அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை செய்கிற வேளார், பூசை போட்டுத்தான் குதிரைக்குக் கண் திறப்பார். அதுவரைக்கும் அது வெறும் மண். பெரிய மாமா வேறு முறை வைத்திருந்தார். ஆள் செத்த பிறகுதான் அந்த ஆளின் சிலைக்குக் கண் திறப்பார்.

"இங்கிட்டு மூடுனா அங்கிட்டுத் தொறக்கணும்ல" என்பார், உப்பு விலை சொல்வதுபோல.

கல்யாணமான கொஞ்ச நாளில் என் கணவர் மலேயாவுக்குக் கப்பலேறினார். முதலில் சேதி வந்தது, பிறகு நின்றுபோனது. மலேயாவிலிருந்து திரும்பிய ஒருவர், அவர் காய்ச்சலில் போய்விட்டதாகச் சந்தையில் சொன்னாராம். அத்தை, அதாவது என் மாமியார், தலையில் அடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

"சேதி உறுதிதானா?" என்று பெரிய மாமா கேட்டார்.

"பாத்த ஆளே சொல்றாரு. எம்புள்ள கண்ணத் தொறந்து விடுங்க. அவன் இருட்டுல நிக்கக் கூடாது."

பெரிய மாமா கரியைக் குழைத்துக் கண் எழுதினார். அதன் பிறகு ஊருக்குச் சந்தேகமே இல்லை. என் தாலியைக் கழற்றினார்கள். சந்தைப் பேச்சை நம்பிக் கத்தரிக்காய்கூட வாங்காத ஊர், அதை நம்பி என் நெற்றியை அழித்தது. இன்றைக்கும் எனக்கு அந்த ஆத்திரம் ஆறவில்லை.

அமாவாசைதோறும் உச்சிப் பொழுதில் அந்தச் சிலைக்கு முன்னால் ஓர் இலை போட்டேன். அந்த நேரத்தில் கொல்லையில் காக்கைச் சத்தம்கூட இருக்காது. வைத்துவிட்டுத் திரும்பி நடக்கும்போது முதுகு கூசும்.

அப்படி ஓர் அமாவாசையன்று அங்கே அவர் இரண்டு பேராக நின்றார். ஒருவர் வழக்கமான இடத்தில். இன்னொருவர் கையில் தகரப்பெட்டியோடு, எதிரே.

"இது நான்தானே? கண்ணு ஏன் தொறந்திருக்கு?" என்றார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார். தகரப்பெட்டியைக் கீழே வைத்தார்.

காய்ச்சலில் போனது வேறு யாரோவாம். அய்யனார் கோயிலில் எனக்கு மறுபடி தாலி ஏறியது. சிலைதான் மிச்சம். பெரிய மாமா களிமண்ணை அப்பிக் கண்ணை மூடினார். வெயிலில் வெடித்து உதிர்ந்தது. திரும்ப அப்பினார், திரும்ப உதிர்ந்தது. அத்தை கடப்பாரையோடு கிளம்பினார். வேளார்தான் தடுத்தார்.

"தொறந்த கண்ணு தொறந்ததுதான். ஒடச்சா யாருக்கு வலிக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியல. படையல மட்டும் நிறுத்திராதீங்க."

உயிரோடிருக்கிற புருஷனுக்குப் படையல் வைத்த ஒரே பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன். ஒரே பானைச் சோறு. முதல் இலை கொல்லையில், அடுத்தது வீட்டில். "ஊருல எனக்கு மட்டும் ரெண்டு எலை" என்று அவர் கேலி செய்வார். எனக்கும் சிரிப்பு வரும்.

பிறகு கேலி நின்றது. வயலிலிருந்து வருகிறவர் கொல்லைக்குள் ஒதுங்கி, சிலைக்கு எதிரே நிற்க ஆரம்பித்தார். கிட்டே போனால்தான் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கூப்பிட்டால் உடனே திறக்க மாட்டார். எனக்குப் பயமாக இருந்தது. ஒருமுறை அவரைப் பறிகொடுத்துவிட்டேன்; இன்னொரு முறை என்னால் முடியாது.

ஓர் அமாவாசை. படையல் வைத்துவிட்டு வந்து, கட்டிலில் படுத்திருந்தவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

"இப்பத்தானே போட்ட? வயிறு நெறஞ்சு கெடக்கு" என்றார்.

வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்த அத்தையைக் கேட்டேன். மகன் படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை என்றார். கொல்லைக்கு ஓடினேன். இலையில் ஒரு பருக்கை இல்லை. வழித்துச் சாப்பிட்டு, அவர் மடிக்கிற மாதிரியே சிலையின் பக்கமாக மடித்து வைத்திருந்தது.

அதன் பிறகு நான் கொல்லைக்குப் போகவில்லை. அமாவாசையன்று இரண்டு இலையையும் வீட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். ஒன்று படையல், ஒன்று சாப்பாடு. எது எது என்று அவரிடம் சொன்னதில்லை. அவர் கைகழுவிவிட்டு வருவார். எந்த இலையில் உட்காரப் போகிறார் என்று, சோற்றுக் கரண்டியும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.