பியூஸ் பெட்டிக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு

பெரியபாளையம் பக்கத்துக் கிராமங்களுக்குக் கரண்டு வந்த புதிது அது. லைன் வேலையில் தேசப்பன் கீழே, முனுசாமி மேலே. டிரான்ஸ்பார்மர் அடியில் இருந்த பெட்டியில் பியூஸைப் பிடுங்குவதும் போடுவதும் தேசப்பன் பொறுப்பு. கம்பியைக் கவ்விப் பிடிக்கும் டாங் டெஸ்டரை மாட்டி எதில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று பார்ப்பதும் அவன்தான். கம்பம் ஏறுகிறவன் முனுசாமி.

இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஏறப் போகுமுன் முனுசாமி தன் டயர் செருப்பைப் பெட்டிக்குக் கீழே கழற்றி விடுவான். இறங்கி வந்ததும் மாட்டிக்கொள்வான். செருப்பு கிடந்தால் ஆள் மேலே. இல்லாவிட்டால் இறங்கிவிட்டான். தேசப்பன் எங்கே போய்த் திரும்பினாலும் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

அந்த ஆடியில் தேசப்பன் மகளுக்கு அம்மை வார்த்தது. குழந்தைக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. பார்க்க வந்த முனுசாமி அங்கேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

"புள்ள பொழைக்கட்டும் தேசப்பா. ஆடி முடியற வரைக்கும் கால்ல ஒண்ணும் போட மாட்டேன்னு பவானியம்மாவுக்கு வேண்டிக்கினேன்" என்றான். தேசப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பெற்றவனுக்கே தோன்றாத வேண்டுதல்! ஆனால் செருப்பில்லாமல் அடையாளத்துக்கு என்ன செய்வது என்று இருவருக்கும் தோன்றவில்லை. பாவிகள், அதை மட்டும் மறந்தார்கள்.

மறுநாள் காலை வீரராகவன் வயலில் மோட்டார் இழுக்கவில்லை. தேசப்பன் டெஸ்டரை மாட்டிப் பார்த்தான். கோயில் விளக்கும் வீட்டு விளக்குமாக எல்லாச் சுமையும் ஒரே கம்பியில். நாலு வீடுகளை அடுத்த கம்பிக்கு மாற்றினால் சரியாகும். அவன் பியூஸைப் பிடுங்கியதும் முனுசாமி பனந்தோப்புக்குப் பின்னால் இருந்த கம்பத்துக்கு நடந்தான். அதற்குள் வீரராகவன் மோட்டாரைப் பார்க்கச் சொல்லித் தேசப்பனைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

திரும்பும்போதும் அவர் விடவில்லை. "நாத்து காயுதுபா. ஆளு எறங்கிட்டானா இன்னா?"

தேசப்பன் பெட்டிக்குக் கீழே பார்த்தான். செருப்பு இல்லை.

"எறங்கிட்டான்" என்று சொல்லிப் பியூஸைப் போட்டான். டெஸ்டரை மாட்டினான். முள் அவன் நினைத்த இடத்திலேயே வந்து நின்றது. அவனுக்குச் சந்தோஷம்கூட வந்தது. அப்போதுதான் தோப்புக்குப் பின்னால் யாரோ பெண்பிள்ளை அலறினாள்.

கட்டையால் தள்ளித்தான் முனுசாமியைக் கம்பியிலிருந்து பிரிக்க முடிந்தது. உயிர் இல்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்று ஊர் தேசப்பனைத் தேற்றியது. சறுக்கியது யானை, செத்தது வேறொருவன். இதில் என்ன ஆறுதல்? மேலதிகாரிகள் விசாரித்து, அவனைப் புதுவாயல் பக்கம் மாற்றினார்கள். வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தான். வயிறு விடவில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. முகமெல்லாம் தழும்பு, கண்ணுக்குப் பழுதில்லை. ஆடி முடிந்த முதல் ஞாயிறு கோயிலில் மொட்டை அடித்து, அப்படியே தூக்கிக்கொண்டு முனுசாமியின் பெண்சாதி மணியம்மாளைப் பார்க்கப் போனான். அதுவரை அந்த வாசலை மிதிக்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

மணியம்மாள் திட்டவில்லை. குழந்தையை வாங்கி, சந்தனம் பூசிய தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு உள்ளே போய் டயர் செருப்பைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஊட்ல எனக்கு எதுக்குண்ணா இது? எடுத்துக்கினு போ. நீ இத்த பாத்துத்தான பியூஸ் போடுவே."

அவன் குழந்தையை வாங்கிக்கொண்டு, குனிந்து செருப்பை எடுத்தான். ஒரு தோளில் குழந்தையும் ஒரு கையில் செருப்புமாகத் தெருவில் இறங்கினான். முனுசாமியின் வேண்டுதல் முடிந்துவிட்டது. இனிமேல் போட்டுக்கொள்ளலாம்.