சாமி பெட்டியும் நாலு வழிச் சாலையும்

எங்கள் ஊருக்கும் எங்கள் குலசாமி கோயிலுக்கும் நடுவில் கொல்லம் ரோடு போகிறது. ஒரு பக்கம் போனால் மலை ஏறி இறங்கிக் கொல்லத்துக் கடலில் முடியும். இன்னொரு பக்கம் போனால் திருமங்கலத்தில் முடியும். கேரளாவுக்குக் காய்கறியும் வைக்கோலும் ஜல்லியும் இந்த வழியாகத்தான் போகின்றன. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது லாரி ரோடுதான். அதனால் லாரி போவதை நான் குறை சொல்ல வரவில்லை. என் ஆத்திரம் வேறு.

மாசி மாதம் சிவராத்திரி அன்று எங்கள் பங்காளிகளில் ஒருவர் சாமி பெட்டியைத் தலையில் சுமந்து கண்மாய்க்கரைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். அது மூங்கில் பெட்டி. உள்ளே சாமியின் பட்டு, சலங்கை, விளக்கு, திருநீற்றுக் கிண்ணம் எல்லாம் இருக்கும். பெட்டி தூக்கியவர் அதைக் கோயிலில் இறக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. வந்த வழியில் திரும்பக் கூடாது. பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. பெட்டிக்கு மேலே மனுஷர் கால் போகக் கூடாது. பொழுது அடைவதற்குள் கோயிலில் இறக்கி, பல்லி சொல்லி உத்தரவு கிடைத்தபிறகு விளக்கேற்ற வேண்டும். உத்தரவு இல்லாமல் விளக்கு இல்லை. விளக்கு இல்லை என்றால் அடுத்த சிவராத்திரி வரைக்கும் எங்கள் வீடுகளில் நல்ல காரியம் எதுவும் பேச மாட்டோம்.

போன வருஷம் பெட்டி தூக்கும் முறை எனக்கு வந்தது. அப்போது என் மகளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. நல்ல இடம். பையன் திருமங்கலத்தில் கடை வைத்திருக்கிறான். சிவராத்திரி விளக்கு ஏறட்டும், மறுநாள் பதில் சொல்கிறோம் என்று சொல்லி வைத்திருந்தோம். ஒரு வருஷம் பொறுங்கள் என்றால் அவர்கள் பொறுக்க மாட்டார்கள். அதில் குற்றமும் இல்லை. நான் விரதத்தில் ஒவ்வொரு நாளும் வேண்டிக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

பழைய ரோட்டில் பெட்டி கடப்பது பெரிய காரியமே இல்லை. முன்னால் மணி அடித்துக்கொண்டு ஒருவர் போவார். சத்தம் கேட்டதும் லாரிகள் நின்றுவிடும். டிரைவர்களில் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி வந்து திருநீறு வாங்கிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

இப்போது அது நாலு வழிச் சாலை. எங்கள் ஊருக்கு நேரே மண் கொட்டி உயர்த்தி, கீழே ஒரு சுரங்கப்பாதை வைத்துவிட்டார்கள். ஆடு, மாடு, சைக்கிள், டிராக்டர் எல்லாம் அதில்தான் போகின்றன. ஆனால் சாமி பெட்டி அதில் போனால் தலைக்கு மேலே வண்டி போகும், வண்டிக்குள் மனுஷர் கால் இருக்கும். அதனால் ரோடு வேலை பார்த்த இஞ்சினியரிடம் போய்ச் சொன்னோம். நல்ல மனிதர். ரோடு தரைக்கு இறங்குகிற இடத்தில் நடுத்தடுப்பை அடைக்காமல் சிவராத்திரி வரைக்கும் ஓர் இடைவெளி விட்டுவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். பிறகு அவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவரை எங்களால் பார்க்கவே முடியவில்லை.

என் பெரியப்பா மகன்தான் எங்கள் கோயில் பூசாரி. அண்ணன் கவலைப்படவில்லை. காப்புக் கட்டிய அன்று அந்த இடைவெளியின் நடுவில் ஒரு கம்பை ஊன்றி, மஞ்சள் துணி சுற்றி, வேப்பிலை கட்டிவிட்டு வந்தார். இது சாமி போகிற பாதை, யாரும் அடைக்காதே என்பதற்கு எங்கள் பக்கத்தில் அதுதான் அடையாளம். வேலையாட்களிடம் வாயாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்று என் மனைவியின் தம்பி கேட்டான். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“வேப்பிலை கட்டுன எடத்துல எவன்டா மாப்ள கைய வப்பான்?”

சிவராத்திரி அன்று வெயில் தாழ்ந்ததும் பெட்டியைத் தூக்கினேன். அண்ணன் மணியுடன் முன்னால் நடந்தார். என் மனைவி பூசைத் தட்டோடு பக்கத்தில் வந்தாள். பங்காளிகள் பின்னால். வரப்பு வழியாக நடந்து ரோட்டோரம் வந்து நின்றோம். இடைவெளியைக் காணோம். அது இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் கான்கிரீட் கட்டைகளை வரிசையாக வைத்து அடைத்திருந்தார்கள். நடுவில் எங்கள் கம்பு மட்டும் நின்றது. மஞ்சள் துணி அழுக்குப்படாமல் இருந்தது. கம்புக்கு அடியில் யாரோ தேங்காய் உடைத்து ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தார்கள்.

ஆரஞ்சுச் சட்டை போட்ட வடநாட்டு வேலையாள் ஒருவர் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியைக் கும்பிட்டார். கம்பைக் காட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் சந்தோஷமாகச் சொன்னார்:

“சாமி இங்கே. வண்டி ஏறாது. நாங்க பத்திரமா மூடிட்டோம்.”

சாமி இருக்கிற இடத்தின் மேல் வண்டி ஏறக் கூடாது என்று, நாங்கள் வழி விடச்சொல்லிக் கட்டிய அடையாளத்தைச் சாமியாகவே நினைத்து அடைத்துவிட்டிருந்தார்கள். அவரை என்ன சொல்லித் திட்டுவது? தட்டிலிருந்து திருநீறு கேட்டார். என் மனைவி கொடுத்தாள். அவர் நெற்றி நிறையப் பூசிக்கொண்டு சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதை வெளியில் காட்ட வாய் இல்லை.

திரும்ப முடியாது. கட்டைகளை நகர்த்துவதற்குக் கிரேன் வேண்டும். அதன்மேல் ஏறிக் குதிக்கலாம் என்றால், பெட்டியோடு எப்படிக் குதிப்பது? ரோட்டைக் கடக்க அடுத்த இடைவெளி வெகுதூரம் தள்ளி. அதற்குள் இருட்டிவிடும். பின்னால் நின்றவர்கள் ஆளுக்கொன்று பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் கலெக்டருக்கு மனு எழுத வேண்டும் என்றார். இன்னொருவர், போன வருஷமே நான் சொன்னேன் என்றார். அவர் சொன்ன அந்த வருஷம் அவர் ஊரிலேயே இல்லை. என் தலைக்கு மேல் பெட்டி, அதைச் சுற்றி இவர்கள் சத்தம். தார் சூட்டில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றேன். நான் மட்டும் பேசக் கூடாது.

என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: “ஒங்களுக்கென்ன, வாயக் கட்டிட்டு நிக்கிறீங்க. நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்குப் பதில் சொல்றது யாரு?”

கடைசியில் என் மச்சினன்தான் அண்ணனிடம் ஒரு வழி சொன்னான்.

“பெரிய மச்சான், பெட்டிக்கு மேல காலு போகக் கூடாது, அம்புட்டுதான? மச்சான் சுரங்கத்துக்குள்ள போற நேரத்துக்கு மட்டும் மேல ரெண்டு பக்கமும் வண்டிய நிப்பாட்டிருவோம்.”

அண்ணன் கோயில் பக்கம் பார்த்தார். ஒத்துக்கொள்ள மனமில்லை. ஆனால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. “வேப்பிலையப் பத்தி இனி எங்கிட்டப் பேசாத மாப்ள” என்று சொல்லிவிட்டு மணியை எடுத்துக்கொண்டு நடந்தார். அதுதான் சம்மதம்.

ரோட்டை ஒட்டியே நடந்து சுரங்கப்பாதைக்கு வந்தோம். மச்சினனும் மற்ற ஆண்களும் மேலே ஏறித் துண்டை வீசி வண்டிகளை நிறுத்தினார்கள். முன்பெல்லாம் ஒரு மணிச் சத்தத்துக்கு நின்ற ரோடு, இத்தனை பேர் துண்டு வீசியும் லேசில் நிற்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு மணி எங்கே கேட்கும்? ஹாரன்மேல் ஹாரன் அடித்தார்கள். ஒருவழியாக மேலே அமைதியானது. “வரலாம்” என்று மச்சினன் குரல் கேட்டது. நான் உள்ளே நுழைந்தேன். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் கிடந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறது, அந்தத் தண்ணீர் மட்டும் போகவில்லை. சாமியைச் சுமந்த காலோடு அந்தச் சகதியில் நடந்தேன். சிவ சிவா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

முக்கால்வாசி தாண்டியிருப்பேன். மேலே தடதடவென்று சுரங்கமே அதிர்ந்தது. நின்ற வண்டிகளை ஓரமாக வெட்டிக்கொண்டு ஒரு பஸ் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். பஸ் நிறைய ஆள். அத்தனை பேர் காலும் சாமிக்கு மேலே போயிற்று. அண்ணன் மணி அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு முன்னைவிடப் பலமாக அடித்துக்கொண்டு நடந்தார்.

கோயிலில் பெட்டியை இறக்கும்போது சூரியன் கண்மாய்க்குள் பாதி இறங்கியிருந்தது. பட்டைச் சாத்தி, விளக்கில் எண்ணெய் ஊற்றி, திரி போட்டுவிட்டு உத்தரவுக்கு நின்றோம். எல்லா வருஷமும் அந்த நேரத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். அன்றைக்கு ரோடுதான் கேட்டது. நாங்கள் நிறுத்திவைத்த வண்டிகள் எல்லாம் விட்ட நேரத்தைப் பிடிக்கப் பறந்தன. ஒரு லாரி சத்தம் ஓய்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அண்ணன் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

“சொல்லிருச்சுண்ணே, நான் கேட்டேன்” என்றார் மனு எழுதச் சொன்னவர்.

“நீ பஸ்ஸு ஹாரனக் கேட்டுருப்ப” என்றார் அண்ணன், காதை எடுக்காமல். பிறகு என்னைப் பார்த்தார். “தூக்கியாந்தவன் நீ. ஒனக்குக் கேட்டுச்சா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவியும் பார்த்தாள். அவள் என்ன எதிர்பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். கேட்டது என்று ஒரு சொல் சொன்னால் போதும், விளக்கு ஏறிவிடும். சாமி முன்னால் நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்ல? பெட்டி தூக்கியதிலிருந்து கட்டியிருந்த வாயை அப்போதுதான் திறந்தேன்.

“லாரிதான்ணே கேக்குது.”

என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சூரியன் முழுவதும் இறங்கிவிட்டது. விளக்கு ஏறாமல் பொழுது அடைந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. யாரும் நகரவில்லை. குலசாமியே, என் பிழை என்றால் என்னோடு போகட்டும், பிள்ளைமேல் வைக்காதே என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

இருள் கவிகிற நேரத்தில் ரோட்டில் என்ன ஆயிற்றோ, சட்டென்று வண்டி வரத்து நின்றது. இரண்டு பக்கமும் ஒன்றும் வரவில்லை. கோயில் வேப்பமரம் அசைவது கேட்டது. அப்போது சாமிக்கு வலது பக்கச் சுவரிலிருந்து பல்லி சொன்னது. எல்லோருக்கும் கேட்டது. அண்ணன் விளக்கை ஏற்றினார். அது எரிந்து நிற்கும்போதே அடுத்த லாரி வந்துவிட்டது.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மதம் சொன்னோம். பெட்டிக்கு மேலே பஸ் போயிற்றே, பொழுது அடைந்தபிறகு ஏற்றிய விளக்காயிற்றே என்று நான் கேட்டதற்கு, உத்தரவு வந்துவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே என்று அண்ணன் சொல்லிவிட்டார். மகள் இப்போது திருமங்கலத்தில் நன்றாக இருக்கிறாள். சாமிக்கு எங்கள்மேல் ஒரு குறையும் இல்லை.

எனக்குத்தான் ஆறவில்லை. நாங்கள் ரோட்டோரம் காத்துக் கிடப்பது புதிதில்லை. பால் கொண்டுபோகக் காத்துக் கிடக்கிறோம், ஆட்டைக் கடத்தக் காத்துக் கிடக்கிறோம். ஆனால் அன்றைக்கு எங்கள் சாமியும் அந்த ரோட்டில் வண்டி ஓயட்டும் என்று காத்திருந்துதான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது.