எலிஃபாஸ் அத்தானின் வெந்நீர்

என் அக்காள் புருஷன் எலிஃபாஸுக்கு உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான். வெந்நீரில் குளித்தவர்கள், இன்னும் குளிக்காதவர்கள். இரண்டாம் வகையைப் பார்த்தால் அவருக்கு மனசு தாங்காது. வறண்டு கிடக்கும் ஹுவாப் ஆற்று மணலில் எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் கூடார முகாமில் பதினாலு வருஷமாக வெந்நீர் போடுவது அவர் வேலை. வருகிறவர்களுக்கு இடம் காட்டுவதும் சமையலும் என் வேலை. அவரைப் பற்றி நான் பேசுவதில் பாதி பொறாமை என்று என் அக்காள் சலோமே சொல்வாள். மீதிப் பாதியை அவளும் மறுப்பதில்லை.

அவருடைய சொத்து ஒரு பீப்பாய். கல் அடுப்பின்மேல் படுக்கப்போட்ட இருநூறு லிட்டர் இரும்புப் பீப்பாய். தொட்டியிலிருந்து ஒரு குழாய் அதற்குள் தண்ணீர் கொண்டுவரும், இன்னொரு குழாய் சூடான தண்ணீரைக் குளியலறைக்குக் கொண்டுபோகும். இந்தப் பக்கத்தில் எல்லோரும் அதைக் கழுதை என்போம். சாயங்காலம் நாலு மணிக்குத் தீ மூட்டுவார். நின்று எரியும் மோப்பனே மரக் கட்டை தவிர வேறு விறகு வைக்க விடமாட்டார். ஐந்தரைக்குப் பீப்பாயைத் தொட்டுப் பார்த்துக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சிரிப்பார். அதன்பிறகு யாராவது இன்னும் குளிக்காமல் உட்கார்ந்திருந்தால் கூடாரத்துக்கே போய் நிற்பார்.

சொந்தமாகக் குளிக்க ஏற்பாடு செய்துகொண்டு வருகிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. வெயிலில் தண்ணீர் சுட வைக்கும் கருப்புப் பையை அவர் தலையணை என்பார். வண்டியின் என்ஜின் சூட்டில் தண்ணீரைச் சுற்ற விட்டுக் குளிக்கிற அப்பிங்டன் ஊர்ப் பண்ணைக்காரர் ஒருவர் வருஷாவருஷம் வருவார். நின்ற இடத்தில் டீசல் எரித்துக் குளிக்கிறவன் வீடு உருப்படுமா என்று அத்தான் அவர் காது கேட்கவே கேட்பார். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பம்பில் வெந்நீர் ஊற்றி, கையால் அமுக்கி அமுக்கிக் குளித்த விண்ட்ஹுக் பெண்ணிடம் போய், உன்மேல் என்ன பூச்சியம்மா என்று விசாரித்த மனுஷர் இவர்.

இத்தனை வாய் பேசுகிறவர் தான் மட்டும் காலையில் தொட்டியடிக் குழாயில் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பார். கேட்டால், கடைசி ஆள் குளித்து முடிக்கையில் கழுதை காலியாகிவிடுகிறது என்பார். அதற்கும் அவரை நான் நிறைய கிண்டல் செய்திருக்கிறேன்.

போன ஜூலையில், எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில், என் அக்காள் மகள் பெட்ரீனாவைப் பெண் கேட்டு ஸ்வகோப்முண்டிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. பையன் ஈவால்ட் மீன்பிடிக் கப்பலில் வேலை பார்க்கிறவன். சனிக்கிழமை காலை கேட்டு முடித்தால் உண்டு. திங்கட்கிழமை அவன் கப்பல் ஏறினால் நாலு மாதம் கழித்துத்தான் கரையைப் பார்ப்பான். பெட்ரீனா ஏற்கெனவே இரண்டு வருஷம் காத்திருந்தவள்.

அவன் அம்மா ஓட்டிலி, ஒரு ஓட்டலில் துணி வெளுக்கும் பகுதிக்குத் தலைவி. அவர் தொலைபேசியில் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். காலையில் வெந்நீர் மேலே விழாவிட்டால் அவருடைய முழங்கால் மடங்காதாம். முழங்கால் மடங்காவிட்டால் பாயில் உட்கார முடியாது. நின்றுகொண்டு பெண் கேட்க நான் என்ன வரி வசூலிக்கவா வருகிறேன், வெந்நீர் இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வெயில் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அத்தான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து அதைப் பார்த்தார். தன்னிடமா இப்படிக் கேட்கிறார்கள் என்ற பார்வை அது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் வந்து இறங்கினார்கள். எங்கள் வீட்டில் இடமில்லாததால் முகாமிலேயே கூடாரம். ஓட்டிலி அம்மா காரின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு மூட்டை ஆரஞ்சுப் பழத்தை அத்தான் கையில் கொடுத்தார்.

எங்கள் முகாம் வாசலில் ஒரு பலகை உண்டு. ஆரஞ்சு கொண்டு வராதீர்கள், யானை வரும் என்று அத்தானே பெயின்ட்டில் எழுதியது. எத்தனையோ பேரிடமிருந்து பழத்தைப் பிடுங்கித் தூரத்தில் புதைத்திருக்கிறார். அந்த மனுஷர் மூட்டையை வாங்கி, நன்றி சொல்லி, கழுதையின் சுவருக்குப் பின்னால் வைத்து நாலு கல்லை மேலே அடுக்கினார். நான் பக்கத்தில் போய்ப் பலகையை ஞாபகப்படுத்தினேன்.

"பொண்ணு கேட்டு வந்தவங்க குடுத்தத எடுத்துட்டுப் போய் பொதைக்கச் சொல்றியா? அவங்க மனசு என்ன பாடு படும்? நீ போய் உன் சட்டியப் பாரு."

விடியும் நேரத்தில் கல் உருளும் சத்தம் கேட்டது. வெளிச்சம் வந்து நாங்கள் போய்ப் பார்த்தபோது மூட்டை கிழிந்து கிடந்தது. பழத்தைத் தின்ற யானைகளுக்குத் தாகம் எடுத்திருக்கிறது. இரண்டு குழாயையும் பிடுங்கிப் போட்டிருந்தன. கழுதை அடுப்பிலிருந்து உருண்டு மண்ணில் கிடந்தது. தொட்டியில் இருந்த தண்ணீரில் குடித்தது போக மிச்சமெல்லாம் மணலுக்குள் போய்விட்டது.

அத்தான் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். ஊர்க் கிணறு எட்டு கிலோமீட்டர். நிஜக் கழுதை பூட்டிய வண்டியில் போய்வர மதியம் ஆகிவிடும். முகாமில் ஓடக்கூடிய ஒரே கார் பெண் கேட்டு வந்தவர்களுடையது, அதை எப்படிக் கேட்பது? பெட்ரீனா வந்து பார்த்தாள். அடுப்புக் கல்லின்மேல் உட்கார்ந்து, காலால் ஒரு ஆரஞ்சுத் தோலை மண்ணுக்குள் தள்ளி மூடினாள். எனக்கு வாய்வரை வந்த கிண்டல் உள்ளேயே போய்விட்டது.

"ஆரஞ்சுன்னு யாராவது வாயத் தொறந்தீங்க, அவ்ளோதான்" என்றார் அத்தான். "தன்னாலதான் ஆச்சுன்னு தெரிஞ்சா அந்தம்மா இங்க ஒரு நிமிஷம் நிக்காது. குழாய் பழசு. கேட்டா அதான் சொல்லணும்."

பிறகு என்னைக் கூப்பிட்டுக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போனார். அந்த வாரம் வேறு மூன்று கூடாரங்கள் இருந்தன, அதில் இரண்டில் இருந்தவர்கள் வாடகை வண்டியில் வந்து இறங்கியவர்கள். முதலாவது அப்பிங்டன் பண்ணைக்காரருடையது. அத்தான் விஷயத்தைச் சொல்ல, அவர் பல் துலக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டார். டீசல் எரிக்கிறவன் வீட்டுக்கு வழி தெரிந்து வந்தீர்களா என்றார். அத்தான் தலையை ஆட்டினார். நேற்றுத்தான் அந்த என்ஜின் குழாயில் ஓட்டை விழுந்ததாம், வண்டியும் நகராதாம், அதனால் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனை மட்டும் எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது விண்ட்ஹுக்கிலிருந்து வந்த வேறு இரண்டு பெண்கள். அவர்களிடம் குளிப்பதற்கென்று நட்டுவைக்கும் துணி மறைப்பு இருந்தது, அதைக் கொடுத்தார்கள்.

மூன்றாவது ஒரு ஜெர்மன்கார ஓய்வுபெற்ற வாத்தியார். அவரிடம்தான் கருப்புப் பை. அதில் பாதித் தண்ணீரும் இருந்தது, பல் கூசும் குளிரில். கொடுத்தார். ஆனால் பாடம் நடத்தாமல் கொடுக்கவில்லை. முதலில் நனை. குழாயை மூடு. சோப்புத் தேய். பிறகு திற. நடுவில் திறந்தால் கடைசியில் நுரையோடு நிற்பாய். முந்தின நாள் இதைத்தான் கோழிக் குளியல் என்று அத்தான் எல்லோரிடமும் நடித்துக் காட்டியிருந்தார். இப்போது தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டு, நனை, மூடு, தேய், திற என்று ஒருமுறை ஒப்பித்தும் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது.

நான் கறிக்கென்று எடுத்து வைத்திருந்த மூன்று கால் இரும்புப் பானையை மணல் போட்டுத் தேய்த்தேன். எவ்வளவு தேய்த்தும் ஆட்டுக்கொழுப்பு வாசம் கொஞ்சம் இருந்தது. அதன் அடியில் அத்தான் தீ மூட்டினார். அவசரத்தில் ஈர விறகையும் போட்டுவிட்டார் போலும், மூஞ்சி முழுக்கக் கரி. பையில் இருந்ததையும் கேனில் இருந்ததையும் சேர்த்துப் பத்து லிட்டர். கொதிக்க விட்டு, ஆற்றி, முழங்கையை விட்டுப் பார்த்து, பையில் ஊற்றி, ஆனா என்கிற பெரிய முள்மரத்தின் கிளையில் கயிறு போட்டு மேலே இழுத்துக் கட்டினார். கீழே மறைப்பை நட்டார்.

ஓட்டிலி அம்மா துண்டும் கையுமாக, இரண்டு காலையும் மடக்காமல் மெதுவாக நடந்து வந்தார். தொங்குகிற பையைப் பார்த்தார்.

"குழாய் பழசும்மா, நேத்து ராவோட போயிடுச்சு. தண்ணி நல்லா சுடும். பத்து லிட்டர் இருக்கு. மொதல்ல நனைங்க, அப்பறம் மூடிடுங்க..." அத்தான் மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு முழுப் பாடத்தையும் சொன்னார்.

அந்த அம்மாள் பாடத்தைக் கேட்டபடி சுற்றிலும் பார்த்தார். உருண்டு கிடந்த பீப்பாயை, குழாயை, மணலில் பதிந்த பெரிய பெரிய கால் தடங்களை, கல்லுக்கு அடியில் துருத்திக்கொண்டிருந்த தன் ஓட்டலின் பெயர் போட்ட மூட்டைத் துணியை. உள்ளே போய் மறைப்பை இழுத்துக்கொண்டார்.

எட்டு மணிக்குப் பாய் விரித்தோம். எங்களில் பெண் கேட்டு வருகிறவர்களைச் சட்டென்று உட்காரச் சொன்னால் பெண்ணுக்கு மதிப்பில்லை. வெளியே நிற்க வைக்க வேண்டும். உடுப்பு சரியில்லை, நடை சரியில்லை என்று ஏதாவது குறை சொல்ல வேண்டும். அவர்கள் பொறுத்துக்கொண்டு நிற்க வேண்டும். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் யாருக்கும் குறை சொல்லத் தெம்பில்லை. அத்தான் கரி மூஞ்சியோடு அப்படியே வந்து பாயில் உட்காரப் போனார்.

"நில்லுங்க சம்பந்தி" என்றார் ஓட்டிலி அம்மா. முழங்காலை ஒருமுறை மடக்கி நீட்டிக் காட்டினார். "என் கால் சரியாயிடுச்சு. பையில பாதித் தண்ணி மிச்சம் வெச்சிருக்கேன். ஆறிடப்போவுது, போய் குளிங்க."

அது உங்களுக்காகப் போட்டது, எனக்கு வெந்நீர் பழக்கமில்லை என்று அத்தான் இழுத்தார்.

"நான் கொண்டாந்த ஆரஞ்சு எங்க போச்சுன்னு நான் கேக்கல. நீங்களும் எதையும் கேக்காதீங்க. இந்தக் கரி மூஞ்சிகிட்ட நான் பொண்ணு கேக்க மாட்டேன். போங்க."

சலோமே அக்காள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அத்தான் போனார். வந்தவர்கள் நாலு பேரும் மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றார்கள், நாங்கள் பாயோரத்தில் நின்றோம். குழாய் திறக்கும் கிறீச் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்டது. சோப்புத் தேய்க்கிற நேரம் தாண்டியும் அது மறுபடி திறக்கவில்லை. பெட்ரீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆல்வினா" என்று உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"என்ன அத்தான்?"

"பதினாலு வருஷமா நான் எல்லாருக்கும் இதையா குடுத்துட்டு இருந்தேன்?"

மறுபடியும் குழாய் திறந்தது, கொஞ்சம்போல விழுந்தது, மூடியது. வாத்தியார் சொன்னதைவிடச் சிக்கனமாக, ஒவ்வொரு சொட்டாக இழுத்துக் குளித்துக்கொண்டிருந்தார். ஈவால்ட் கடிகாரத்தைப் பார்த்தான். ஓட்டிலி அம்மா அவன் மணிக்கட்டைத் தட்டிவிட்டார்.

"பொண்ணு கேட்டு வந்தா நிக்கத்தான் வேணும்" என்றார். நின்றார்கள்.