பதினேழாம் நாளைத் தேடிச் சங்கரன்கோவில் வரை

போன ஆடித் தபசுக்கு முதல் நாள் நான் சங்கரன்கோவிலுக்குப் போனது அம்மனைப் பார்க்க அல்ல, ஒரு சினிமாவைப் பார்க்க. அதிலும் அதன் கடைசி ரீலைப் பார்க்க. இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. பாளையங்கோட்டையில் எங்கள் சபையைச் சேர்ந்த யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், அவர்களுக்கு வரவேண்டிய அதிர்ச்சி முதல் பத்தியிலேயே வந்துவிடட்டும்.

டைரக்டர் வேணுவனநாதனின் பெயரை வாசகர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் முடித்த படங்கள் மூன்றுதான். உப்பளத்தில் நடக்கும் முதல் படத்தை நான் கல்லூரியில் படிக்கும்போது பார்த்தேன். ஒரு தபால்காரரின் ஒரே ஒரு நாளைச் சொல்லும் இரண்டாவது படத்தில் பாட்டே கிடையாது. கொட்டகையில் என்னையும் சேர்த்துப் பதினைந்து பேர் இருந்திருப்போம். பாதியில் நின்றவை இரண்டு. அறிவிப்போடு நின்றவை இன்னும் அதிகம். ஓடும் ரயிலுக்குள்ளேயே தொடங்கி முடியும் ஒரு படம், முகங்களைக் காட்டாமல் கைகளை மட்டும் காட்டி ஒரு தறிக்காரக் குடும்பத்தைச் சொல்லும் ஒரு படம், பிள்ளைகளே நடித்துப் பிள்ளைகளே பார்க்க வேண்டிய ஒரு படம். இவற்றில் எதையும் அவர் இன்னும் எடுக்கவில்லை. ஆனால் நான் ஒவ்வொன்றையும் மனத்துக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ரயில் படத்தில் எந்த ஸ்டேஷனில் மழை பிடிக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

மூன்றாவது படத்தின் பெயர் ‘பதினேழாம் நாள்’. கணவன் இறக்கிறான். பதினாறு நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிப் போகிறது. மறுநாள் அந்தப் பெண் தனியாக அந்த வீட்டில் என்ன செய்கிறாள் என்பதுதான் கடைசி ரீல். ஒன்பது நிமிடம், பேச்சு இல்லை, பாட்டு இல்லை. பத்திரிகையில் விமரிசனம் எழுதியவர், “அவள் செய்வதை நான் சொல்ல மாட்டேன், போய்ப் பாருங்கள்” என்று முடித்திருந்தார். நான் போவதற்குள் திருநெல்வேலியில் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

என் கணவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எங்களுக்குப் பதினாறு கிடையாது. ஆனால் ஜெபங்கள் முடிந்து, வந்தவர்கள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போன ஒரு நாளும், அதற்கு மறுநாளும் எனக்கும் உண்டு. அந்த மறுநாளைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் இவ்வளவு நம்பும் ஒரு மனிதர் அதைப் பற்றி என்ன நினைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் கோமு சங்கரன்கோவில்காரி. அங்கே பாதிப் பெண்களுக்கு அம்மன் பெயரான கோமதி என்றுதான் பெயர், கூப்பிடுவது கோமு என்று. அவள் ஊரிலிருந்து திரும்பிய ஒரு திங்கட்கிழமை, ஆசிரியைகள் அறையில் என் காதருகே வந்து, “ஏட்டி மெர்சி, ஒன் டைரக்டர் படம் எங்க ஊரு டூரிங் டாக்கீஸ்ல ஓடுதுட்டி. தபசு வரைக்கும் ஓடுமாம்” என்றாள். அப்புறம் நான் பாடம் நடத்திய மாதிரி நினைவில்லை.

போகிறவர்களுக்காக வழி சொல்லிவிடுகிறேன். ரயிலில் போவதானால் தென்காசி போய் அங்கே விருதுநகர் வண்டிக்கு மாற வேண்டும். சுற்று வழி, காத்திருப்பும் அதிகம். திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் போவதே மேல். ஏறக்குறைய முப்பத்தைந்து மைல். கோமுவும் நானும் ஆளுக்கு ஒன்றே கால் ரூபாய் கொடுத்தோம். கரி வாயுவில் ஓடிய பழைய பஸ்கள் எல்லாம் போய்விட்டதால் புகையில் கண் எரியாமல் போகலாம். ஆனால் தபசுச் சமயத்தில் உட்கார இடம் கிடைக்காது.

“நிக்கத்தான் எடம் இருக்கு டீச்சர்” என்றார் கண்டக்டர்.

“நின்னா பாதி டிக்கெட்டா?” என்று கேட்டாள் கோமு.

“ஒக்காந்தாத்தான் ரெட்டை டிக்கெட்டு. ஏறுங்க, ஏறுங்க!”

மானூர் வரை நின்றோம். அங்கே ஒரு குடும்பம் இறங்கியதில் ஒரு இடம் கிடைக்க, மாறி மாறி உட்கார்ந்துகொண்டோம். மேலநீலிதநல்லூரைத் தாண்டும்போது ஆடிக் காற்று செம்மண்ணை அள்ளி பஸ்ஸுக்குள் போட்டது. தலையில் முக்காடு போட்டுக்கொள்ளத் துணி எடுத்துப் போங்கள். சாலை ஓரமெல்லாம் கூண்டு வண்டிகள், பெண்கள், பொரி மூட்டைகள். இரண்டே முக்கால் மணி நேரத்தில் ஊர் வந்து சேர்ந்தோம்.

கோமுவின் வீட்டில் காப்பி குடித்துவிட்டு ஆறரைக்கெல்லாம் கொட்டகைக்குப் போய்விட்டோம். ஊருக்கு வெளியே ஒரு தரிசில் கூடாரம். மணல் தரை இரண்டணா, பெஞ்சு நான்கணா, நாற்காலி எட்டணா. பெண்களுக்குத் தட்டி வைத்துத் தனியாகப் பிரித்திருந்தார்கள். நாங்கள் பெஞ்சுக்கு வாங்கினோம். ஒரே மெஷின் என்பதால் ஒவ்வொரு ரீலுக்கும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். அப்போதெல்லாம் முறுக்கு வரும், கலர் சோடா வரும், தொலைந்த பிள்ளையின் பெயர் ஒலிபெருக்கியில் வரும்.

இத்தனைக்கும் நடுவில் படம் என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது ரீலில் ஒரு கல்யாணம் வருகிறது. மணமக்களை அவர் காட்டுவதே இல்லை என்று சொல்லலாம். பந்தியில் ஓடுகிற கால்களையும், நாதசுரக்காரர் வேட்டியில் துடைக்கும் வியர்வையையும் காட்டி, கடைசியில்தான் மாலையோடு இரண்டு முகங்கள். அப்புறம் அந்தப் புருஷனுக்குக் காய்ச்சல் வருகிறது. சாவை ஒரு ஈர வேட்டியைக் கொடியில் போடாமல் திரும்ப எடுத்துப் போவதிலேயே சொல்லிவிட்டார். பதினாறு முடிந்து உறவுக்காரர்கள் வண்டி ஏறுகிறார்கள். போகிற போக்கில் ஒரு கிழவர் வாசலில் கிடந்த இறந்தவனின் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறார். விளக்கைப் போட்டார்கள்.

“அடுத்ததுதான்” என்றேன் கோமுவிடம்.

விளக்கு அணைந்தது. திரையில் நாதசுரம். பந்தியில் ஓடுகிற கால்கள். வியர்வையைத் துடைக்கும் நாதசுரக்காரர்.

முதலில் மெஷின்காரர் டப்பாவை மாற்றி எடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். யாராவது சத்தம் போடுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் போடவில்லை. செத்துப்போனவன் மாலையோடு திரையில் வந்து நின்றதும் மணல் தரையிலிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த, இளையரசனேந்தலிலிருந்து வண்டி கட்டி வந்த ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, “பாத்தீங்களா தாயி, வந்துட்டான்! அம்மன் தவசு வீண் போவுமா?” என்றாள். தாலி ஏறியது. படம் முடிந்தது. ஜனங்கள் சந்தோஷமாக எழுந்தார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சிலர் விழிப்பதாகக் கதைகளில் படித்திருக்கிறேன். எனக்கு இரண்டுமே வரவில்லை.

கோமு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் போனாள். முதலாளி சட்டையில்லாமல், தோளில் ஈரத் துண்டோடு இரண்டாம் ஆட்டத்துக்குத் தயாராக நின்றார். அவளுக்குத் தெரிந்தவர்.

“அண்ணாச்சி, கடைசி ரீலு எங்க?”

“ஓட்டினம்லா?”

“அது ரெண்டாவது ரீலு. செத்தவன் எப்படி அண்ணாச்சி திரும்ப வந்து தாலி கட்டுதான்?”

“நாளைக்கு அம்மன் தவசுக்கு மனசு எரங்கி சாமி வாராருல்லா? அது மாதிரி வாரான்.” அவர் சிரிக்கவில்லை, விளக்கமாகவே சொன்னார். “மொத நாளு உள்ளபடிதான் ஓட்டினேன் தாயி. பதினாறு முடிஞ்ச ஒடனே பாதிக் கொட்டகை எந்திச்சுப் போயிட்டு. தபசு பாக்க வந்தவளுக, தாலி அறுத்தவ மொகத்துல முழிச்சிட்டு வண்டி கட்டுவாளுகளா? நீங்களே சொல்லுங்க.”

“அவ மொகத்துலதான் அண்ணாச்சி இப்ப முழிச்சிட்டு நிக்கீரு” என்றாள் கோமு.

நான் அவள் கையைக் கிள்ளினேன். அதற்குள் சொல்லிவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். கிறிஸ்தவர்களான எங்கள் பெண்கள் யாருமே பொட்டு வைப்பதில்லை என்பதால், நான் கணவனை இழந்தவள் என்று வெளியூரில் யாருக்கும் தெரியாது. எனக்கு அது ஒரு வசதி.

“வேதக்காரப் பிள்ளைன்னுலா நெனச்சேன்...” என்றவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு அந்த ஒன்பது நிமிடத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்” என்றேன். நான் பேசியது அவ்வளவுதான்.

அவர் கொஞ்ச நேரம் துண்டைப் பிழிந்தார். பிறகு மெஷின் அறையைப் பார்த்து, “ஏலே மாடசாமி! அந்தக் கடைசி டப்பாவ எடுலே” என்று கத்தினார்.

“எந்தக் கடைசி அண்ணாச்சி? நம்ம கடைசியா, அவுக கடைசியா?”

“அவுக கடைசி!”

உள்ளே திரும்பிப் போனபோது பெண்கள் பக்கம் முப்பது பேராவது இருந்தார்கள். வண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஆண்கள் வரும்வரை காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்தவர்கள். விளக்கு அணைந்ததும் பேச்சை நிறுத்தித் திரையைப் பார்த்தார்கள்.

விடிகிறது. அவள் எழுந்து முகம் கழுவி அடுப்படிக்குப் போகிறாள். அரிசிப் பானையில் உழக்கை விட்டு ஒன்று எடுக்கிறாள், பழக்கத்தில் இன்னொன்று எடுக்கிறாள். நிற்கிறாள். இரண்டாவது உழக்கைப் பானைக்கே கொண்டு போகிறாள். பிறகு, கையைத் திருப்பி, அதையும் உலையிலேயே போடுகிறாள்.

“ஐயய்யோ, ரெண்டையும் போட்டுட்டாளே!” என்றது ஒரு குரல்.

குழம்பு வைக்கிறாள். அப்பளம் சுடுகிறாள். மூலையில் அல்ல, புருஷன் உட்காரும் நடுக்கூடத்தில் இலையைப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். காமிரா அசையவே இல்லை. அவள் அழவில்லை. வாய் நிறையச் சாப்பிடுகிறாள். இலை காலியானதும் தானே எழுந்துபோய் இன்னும் சோறு போட்டுக்கொண்டு வருகிறாள்.

“கூசாம திங்கா பாரு!”

மூன்று ஆண்டுகளாக நான் எந்த வீட்டிலும் இரண்டாம் தடவை சோறு கேட்டதில்லை. யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. என் தட்டைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்கோ சென்னையில் இருக்கும் ஒருவர் இதை எப்படிப் பார்த்தார்?

அப்போதுதான் மணல் தரையிலிருந்து இளையரசனேந்தல் அம்மாள் பேசினாள். “பசிக்காதாட்டி? பதினாறு நாளா வந்தவ போனவளுக்கெல்லாம் ஆக்கிப் போட்டது யாரு? இவதான?”

அவளே தொடர்ந்தாள். “எங்க வீட்டுக்காரரு போய்ப் பதினாறு கழிஞ்ச மறுநா, நான் ஒரு சட்டிக் கேப்பைக் கூழைக் குடிச்சேன். ஒருத்தியும் பாக்கலன்னு நெனச்சிக்கிட்டேன்.”

“நான் பாத்தேன் மயினி” என்றது இருட்டில் இன்னொரு குரல்.

“பாத்தியா? சண்டாளி, இத்தன வருசமா சொல்லவே இல்லியே!”

“கருவாடு கொண்டாந்து தரலாமான்னுதான் நின்னேன்.”

கொட்டகை முழுவதும் சிரித்தது. திரையில் அவள் கையைக் கழுவிவிட்டு, வாசல் காற்றுக்குத் தலையை வைத்துப் படுத்துத் தூங்கிப்போனாள். வெள்ளைத் திரை.

குலவை ரீல் என்னை எவ்வளவு அதிர வைத்ததோ, அந்தச் சிரிப்பும் அவ்வளவு அதிர வைத்தது. வேணுவனநாதனின் படங்கள் நாலைந்து பேருக்குத்தான் விளங்கும் என்றும், அந்த நாலைந்தில் நான் ஒருத்தி என்றும் எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அதை மணல் தரையில் கூட்டிப் பெருக்கிவிட்டார்கள். ஆனால் இதே பெண்கள்தான் அரை மணி நேரத்துக்கு முன் செத்தவனின் கல்யாணத்துக்குக் குலவையிட்டார்கள். இந்த இரண்டையும் என்னால் இன்றுவரை சேர்த்து யோசிக்க முடியவில்லை.

முதலாளி தட்டி ஓரமாக நின்று பார்த்திருக்கிறார். வெளியே வந்ததும், “சரி, ரெண்டாவது ஆட்டத்துக்கு ரெண்டையும் ஓட்டுதேன். மொதல்ல சாப்பிடட்டும். பொறவு கல்யாணம்” என்றார்.

“கல்யாணம் வேண்டாமே” என்றேன்.

“ஒங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி டீச்சரம்மா. தபசு முடியட்டும், எடுத்துருதேன்.” பிறகு நினைவு வந்தவராக, “அவரு அடுத்து ரயிலுக்குள்ளயே ஒரு படம் எடுக்காராம்லா? அதுலயாவது எறங்குத எடத்துல ஒரு தாலியைக் கட்டிரச் சொல்லி எழுதிப் போடுங்க” என்றார்.

அன்று வீட்டில் கோமுவின் அம்மா சோறு போட்டார். இலை காலியானதும், “இன்னும் கொஞ்சம் போடுங்கள்” என்று கேட்டேன். அவர் ஒன்றும் நினைக்காமல் போட்டார். கோமு மட்டும் தலையைக் குனிந்துகொண்டு தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தபசுக் கூட்டத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தலைகள்தாம். அம்மன் மேல் ஜனங்கள் பருத்தியையும் மிளகாயையும் காணிக்கையாக அள்ளி வீசுவது தொலைவிலிருந்து தெரிந்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. பார்க்க விரும்புகிறவர்கள் காலையிலேயே போய் இடம் பிடியுங்கள், கையில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ்ஸுக்கு அன்றே முயல வேண்டாம். ஒரு நாள் தங்கிக் கிளம்பினால் உட்கார்ந்து வரலாம்.

‘பதினேழாம் நாள்’ இனி எந்த ஊர்த் தரிசில் கூடாரம் அடிக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் பக்கம் வந்தால் போங்கள். டிக்கெட் வாங்கும்போதே அவுக கடைசியா, நம்ம கடைசியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெஞ்சு வேண்டாம், பெண்களோடு மணல் தரையிலேயே உட்காருங்கள். படத்தில் பாதி அங்கேதான் நடக்கிறது. கல்யாணத்தைப் போட்டு முடித்துவிட்டால் எழுந்து போகாதீர்கள். நாலு பேர் எழுந்திருக்காமல் இருந்தால் ஓட்டுவார்கள்.

வீட்டில் யார் பார்த்தாலும் சரி, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அந்த ஒன்பது நிமிடத்தைப் பசியோடு பார்க்க முடியாது.