காத்தாடிக்குச் சந்தனம்

பாப்பாரப்பட்டிக்கு வெளியே ஒரு மொட்டை மேட்டைச் சமன் செய்து, பருத்திக்கு மருந்தடிக்கும் குட்டி விமானத்தைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எண்பத்து நாலாம் வருஷம் அது. காய்ப்புழு காட்டையே தின்றுகொண்டிருந்தது. பென்னாகரத்திலிருந்தெல்லாம் சனம் விமானத்தை வேடிக்கை பார்க்க வந்தது. அன்வர் பாஷா மட்டும் வேலை கேட்டு வந்தான்.

லாரிப் பட்டறையில் கிரீஸோடு புரண்டு வளர்ந்தவன் அவன். கம்பெனி இன்ஜினியர், ஒரு மலையாளத்துக்காரர், அவனுக்கு முக்கியமாகச் சொன்ன வேலை ஒன்றுதான். விமானம் வந்து நின்றதும் மூக்கிலிருக்கும் காத்தாடியைக் கயிறு போட்டுச் சக்கரத்தோடு கட்டவேண்டும். அவர் சொன்னால்தான் அவிழ்க்கவேண்டும்.

"சுவிட்ச் ஆஃப்ல இருக்குன்னு நம்பாதே," என்றார். "உள்ளே ஒரு ஒயர் அறுந்தாப் போதும், சாவி என் பையில இருந்தாலும் இன்ஜின் உயிரோடதான் இருக்கும். காத்தாடி இறக்கையைக் கையால இழுத்தாக்கூடப் பத்திக்கும்."

லாரியை நிறுத்தினால் நின்றதுதான். இந்த யந்திரம் அப்படியில்லை என்பது அன்வருக்குப் பிடிபடவே கொஞ்ச நாளாயிற்று. பிடிபட்ட பிறகு அவன் அதை ஒரு நாளும் மறக்கவில்லை. அந்த ஒரு நாளைத் தவிர என்று சொல்லிவிடலாம், ஆனால் அது பொய். அன்றைக்கும் அவன் மறக்கவில்லை.

சீசன் முடிந்ததும் கம்பெனியில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வதாக இன்ஜினியர் வாக்குக் கொடுத்திருந்தார். அவன் மனைவி ரோஷன் பீ அதற்குள் தெருவெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள்.

மருந்து கலக்கும் சென்னப்பன் அவனுக்கு உயிர்ச் சிநேகிதன். ஆயுத பூசையன்று காலையில் மருந்தடித்துவிட்டு விமானம் வந்து நின்றது. அன்வர் காத்தாடியைக் கட்டினான். இன்ஜினியர் ஆயில் வாங்கத் தர்மபுரிக்குப் போனார். பைலட் கூடாரத்தில் படுத்துவிட்டார். சென்னப்பனும் கூட்டாளிகளும் பொரி, பூசணிக்காய், சந்தனக் கிண்ணம் சகிதம் வந்தார்கள். அரிவாளும் சைக்கிளும் பொட்டு வைத்துக்கொள்ளும் நாளில் ஆகாய விமானம் மட்டும் மூளி முகத்தோடு நிற்கலாமா? காத்தாடியின் கீழ் இறக்கைக்குப் பூசியாயிற்று. மேல் இறக்கை யாருக்கும் எட்டவில்லை.

"கயித்த அவுத்து வுடு பாய். ஒரு சுத்து சுத்தி அதக் கீழ எறக்கிட்டாப் பூசிரலாம்," என்றான் சென்னப்பன்.

"இன்ஜினியர் வரட்டும்பா."

"அவரு எப்ப வர்றது? நல்ல நேரம் போவுது. பாதிக்குப் பூசிட்டுப் பாதிய வுட்டா நல்லாவா இருக்கும்?"

வேண்டாம் என்ற சொல் அன்வரின் நாக்கு நுனிவரை வந்தது. எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டறைப் பூசையில் வருஷா வருஷம் முதல் பொரிப் பொட்டலம் அவன் கைக்குத்தான் வரும். யாரும் அவனை வேற்றாளாய் நினைத்ததில்லை. அதனாலேயே வாய் எழவில்லை. சாமி காரியத்துக்கு பாய் குறுக்கே நின்றார் என்று ஒருத்தன் மனசுக்குள் நினைத்துவிட்டால்? ஒருத்தனும் நினைத்திருக்கமாட்டான். இவனாக நினைத்துக்கொண்டான். பாழாய்ப்போன தாட்சண்யம்! குனிந்து முடிச்சை அவிழ்த்தான். "பாத்து, மெதுவா," என்று மட்டும் சொன்னான்.

சென்னப்பன் சந்தனக் கையோடு இறக்கையைப் பிடித்து இழுத்தான். இன்ஜின் ஒரே ஒரு தடவை வெடித்தது. ஓடக்கூட இல்லை. காத்தாடி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. அவன் சாவுக்கு அதுவே போதுமாயிருந்தது. ஜீப்பில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள், தர்மபுரி எல்லையைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கம்பெனியின் பெரிய அதிகாரி வந்தார். பிரித்துப் பார்த்தபோது, இன்ஜினியர் சொன்ன அதே ஒயர் உள்ளே அறுந்து கிடந்தது. ஆனாலும், குடிபோதையில் சென்னப்பனே கயிற்றை அவிழ்த்துவிட்டான் என்று, பழி தங்கள் மேல் விழாமலிருக்க, கம்பெனிக்காரர்கள் போலீஸில் சொன்னார்கள். சென்னப்பன் கள்ளைக்கூட முகர்ந்து பார்க்காதவன், அன்றைக்குப் பூசைக்காகப் பட்டினி வேறு. செத்தவன் தலையில் எதை ஏற்றினால் என்ன, எழுந்து வந்து கேட்கவா போகிறான்? இன்ஜினியர் அன்வரைத் தனியே கூப்பிட்டு, "நீ வாயைத் திறக்காதே, உன் வேலைக்கு நான் பொறுப்பு," என்றார்.

அன்வருக்குச் சோறு இறங்கவில்லை. ரோஷன் பீயிடம் உள்ளதைச் சொன்னான். பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள் என்று அவள் அழுதாள். பார்த்தான். பார்த்துவிட்டு, போலீஸும் அதிகாரியும் இருந்த இடத்துக்கே போய்ச் சொன்னான்: "கயித்த அவுத்தது நானுங்க. சென்னப்பன் குடிக்கலீங்க."

அத்தோடு விமான வேலை போயிற்று. திரும்பவும் பட்டறைக்கே போய், சாகும்வரை அங்கேயே ஸ்பேனர் பிடித்தான். பூசை நாளில் மட்டும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. வேலை போனதை அவன் ஒருவாறு தாங்கிக்கொண்டான். தாங்கமுடியாமல் போனது சென்னப்பன் பெண்டாட்டி சென்னம்மாள் சொன்னதைத்தான்.

உண்மையைச் சொன்ன மறுநாள் சென்னப்பன் வீட்டுக்குப் போயிருந்தான். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துத்தான் போனான். புருஷன் பேரையாவது காப்பாற்றினாயே என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்றும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. சென்னம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"கயித்த அவுத்தது நாந்தாம்மா," என்றான்.

"சொன்னாங்க பாய்." அவனை நிமிர்ந்து பார்த்தாள். "வேணாம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு வுட்டிருப்பாரு. உங்க பேச்ச அவரு என்னிக்கி பாய் தட்டியிருக்காரு?"