எந்தப் பக்கத்திலிருந்து ரெண்டாவது?

என் சித்தி கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறவள். சித்தப்பா இன்ஜின் மெக்கானிக். இருவருக்கும் ஒரே பட்டறை, ஒரே பூட்டு. வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது என்று யாராவது வந்தால், அதாவது நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்ய மறுத்தால், முதலில் ஒரு விசாரணை நடக்கும்: கோளாறு கரண்ட் பக்கமா, இன்ஜின் பக்கமா? கரண்ட் என்றால் சித்தப்பாவின் முகம் மலரும். இன்ஜின் என்றால் சித்தி டெஸ்டரைக் காதோரம் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சிரிப்பாள்.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அவர்கள் வீட்டில் வந்து இறங்கியபோது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சித்தி அரை நாள் உட்கார்ந்து சரிசெய்த வயரிங் மேல், அழுக்காக இருக்கிறதே என்று சித்தப்பா ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துவிட்டாராம். சித்தி கத்தவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து, டிரைவிங் ஸ்கூல் நடத்தும் பெண் பட்டறையில் வந்து நின்றாள். எல்லோருக்கும் அவள் டீச்சர். அவளிடம் இருப்பதே ஒரு கார்தான். கிளட்ச்சை விடும்போதெல்லாம் அது உதறி நின்றுவிடுகிறது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தங்கள் கால்தான் சரியில்லை என்று நொந்துபோகிறார்கள். மறுநாள் காலை ஒரு தையல்காரம்மாவுக்கு லைசென்ஸ் டெஸ்ட். நாலு முறை தோற்றவர். இந்த முறையும் தோற்றால் இனி ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டாராம்.

சித்தப்பா, இன்ஜினை ஓடவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாகத் தீப்பொறி தரும் காயில்களின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். மூன்றைக் கழற்றியபோது இன்ஜின் திணறியது. ஒன்றைக் கழற்றியபோது மட்டும் அது கண்டுகொள்ளவே இல்லை. வழக்கமாக அந்த இடத்தில் விரலை வைத்து “இது” என்பார், சித்தி பார்த்துக்கொள்வாள். இப்போதுதான் பேச்சு இல்லையே. டீச்சர் பக்கம் திரும்பினார்.

“ரெண்டாவதுதான் செத்துக் கிடக்கு. அவகிட்ட சொல்லிடும்மா.”

டீச்சர் சொன்னாள். சித்தி ரெண்டாவதற்குப் புதுக் காயில் மாட்டினாள். உதறல் போகவில்லை. அப்படியென்றால் வால்வுதான், இன்ஜினைப் பிரிக்க வேண்டும், நாலு நாள் ஆகும் என்றார் சித்தப்பா. அதையும் டீச்சரிடம்தான் சொன்னார். அவள் பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். தையல்காரம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று எங்களையே கேட்டாள்.

சித்தி தான் கழற்றிப்போட்ட பழைய காயிலை எடுத்துச் சோதித்துப் பார்த்தாள்; அது நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவளே சித்தப்பாவிடம் பேச இறங்கி வந்தாள்.

“இங்க பாருங்க. நீங்க சொன்ன ரெண்டாவது எது?”

“இதுகூடத் தெரியாதா உனக்கு?”

“தெரியும். நானும் தொடுறேன், நீங்களும் தொடுங்க.”

தொட்டார்கள். இரண்டு விரல்கள், அடுத்தடுத்த இரண்டு காயில்கள் மேல். சித்தப்பா பெல்ட் பக்கத்திலிருந்து எண்ணுகிறவர். சித்தி எப்போதும் அதற்கு எதிர்ப்புறம், பேட்டரி பக்கம் நிற்கிறவள். அவளுக்கு ஒன்று அங்கேதான் தொடங்குகிறது. இருபத்திரண்டு வருடம் ஒரே பானெட்டுக்குள் தலையை நுழைத்தவர்களுக்கு இது தெரியாமலே போயிருக்கிறது. நம்பர் சொல்லிப் பேச வேண்டிய அவசியம் அவர்களுக்கு வந்ததே இல்லை.

சித்தி நல்ல காயிலைப் பழைய இடத்திலேயே வைத்து, புதியதைப் பக்கத்திலிருந்த செத்த காயிலின் இடத்துக்கு மாற்றினாள். இன்ஜின் அலுங்காமல் ஓடியது. டீச்சர் உடனே போன் செய்து தையல்காரம்மாவை வரவழைத்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளட்ச்சை விட்டார். கார் நகர்ந்தது. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, ஜன்னல் வழியாகக் கேட்டார்: “அப்போ என் கால் நல்லாத்தான் இருந்துச்சா?”

“கால் நல்லாத்தான் இருக்கு. கண்ணாடியப் பாத்து ஓட்டுங்க,” என்றாள் டீச்சர்.

அவர்கள் போன பிறகும் பட்டறையில் சத்தம் ஓயவில்லை. வண்டி செய்த கம்பெனியே பெல்ட் பக்கத்திலிருந்துதான் எண்ணுகிறது என்றார் சித்தப்பா.

“எண்ணட்டும்,” என்றாள் சித்தி. “அவங்க யாரும் பேட்டரி பக்கம் நின்னு பாத்திருக்க மாட்டாங்க.”