மாமன் மாலை

இங்கே ரொட்டிக்கடைக்காரிக்கு என் மொட்டைத்தலையைப் பார்த்ததும் கேட்காமல் இருக்க முடியவில்லை. வரிசையில் பத்துப் பேர் நிற்கையில், "கீமோவா?" என்றாள். இல்லை, திருச்செந்தூர் முருகனுக்கு முடிகாணிக்கை என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில். என்ன புரிந்துகொண்டாளோ, "நல்லது, வாழ்க்கையை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்" என்று சொல்லி, ஒரு பன்னை இனாமாகப் பையில் போட்டாள். எரிச்சலாக வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தை விட்டு ஹாம்பர்க் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இந்த ஊர்க்காரர்களின் அனுதாபம் மட்டும் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

நிணநீரில் புற்று வந்தவன் உடனே புது மனிதனாகிவிட வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். பக்கத்துக் கட்டிலில் கிடந்த வோல்ஃப்காங் வேலையை விட்டான், வேன் வாங்கினான், நார்வேக்குப் போய்விட்டான். ஆஸ்பத்திரி ஆலோசகி என்னிடமும் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, இனி செய்ய ஆசைப்படுவதையெல்லாம் எழுதுங்கள் என்றாள். ஒரு வரிதான் எழுதினேன்: அக்கா மகள் கல்யாணத்தில் தாய்மாமனாக மேடையில் நிற்க வேண்டும். "அவ்வளவுதானா?" என்றாள். இவளுக்கு என்னத்தை விளக்க? பொன்செல்வி அப்பா இல்லாத பிள்ளை. அவளைக் கைபிடித்து மேடைக்குக் கூட்டிவர வேண்டியவன் நான். டாக்டர்கூட ஒரு வாரம் மருந்தைத் தள்ளிப்போடச் சம்மதித்திருந்தார்.

ஆறுமுகநேரியில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"வராண்டாம்லே. மாப்பிள்ள வீட்டுக்காரவ பாத்தா, மாமனுக்கு வந்தது பொண்ணுக்கும் வருமோன்னு யோசிப்பாவல்லா. லீவு கிடைக்கலன்னு சொல்லிக்கிடுதேன்."

"திருச்செந்தூர்ல மொட்ட போட்டேன்னு சொல்லிட்டாப் போச்சுக்கா."

"புருவத்தையுமா முருகனுக்குக் குடுத்த?"

சரிக்கா என்றேன். அத்தான் செத்த அன்று கைக்குழந்தையை என் மடியில் போட்டு, "இனி இவளுக்கு எல்லாம் நீதாம்லே" என்றாள். அன்றும் சரிக்கா. வெளிநாட்டுக்குப் போ என்றபோதும் சரிக்கா. டிக்கெட்டை ரத்து செய்தேன்.

கல்யாண நாளில், அங்கே பந்தி நடக்கும் நேரம், இங்கே எனக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. வந்திருந்த வீடியோவைத் திறந்தேன். தாய்மாமனுக்கு மேடையில் மாலை போடுவது எங்கள் பக்கத்து மரியாதை. ஆள் இல்லை என்று அதை விட்டுவிட அக்காவுக்கு மனம் வரவில்லை போலும். மீசையும் சுருட்டை முடியுமாக என் பழைய போட்டோவைச் சட்டம் போட்டு நாற்காலியில் வைத்து, அதற்கு ரோஜா மாலை போட்டிருந்தாள். பொன்செல்வி அதன் முன் விழுந்து கும்பிட்டாள். கூட்டத்தில் யாரோ ஒருத்தி, "பாவம், மாமன் எப்ப தவறிப்போனாவ?" என்று கேட்டது தெளிவாகக் கேட்டது.

உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"மாலையக் கழத்துக்கா."

"மாமன் மாலைய வேற யாருக்குல போட? மரியாதைக்கித்தான போட்டேன்."

"செத்தவனுக்குத்தான் போட்டோவுல போடுவாவ. நான் இங்கன உசுரோட கெடக்கேன். கழத்து."

பிறந்ததிலிருந்து அவளிடம் நான் கத்தியதில்லை. வார்டே திரும்பிப் பார்த்தது.

"பந்தி முடியட்டும்டே, ஆளுவ இருக்காவ" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த மருந்துப் பையோடு நர்ஸ் வந்தாள். போனை எட்டிப் பார்த்து, "அழகான மனிதர். இவ்வளவு பூவா, பிறந்தநாளா?" என்றாள். ஆள் மாறிவிடக் கூடாதென்று, ஒவ்வொரு பையை மாட்டும்போதும் பெயரும் பிறந்த தேதியும் கேட்பது இங்கே விதி. கேட்டாள். இரண்டையும் சொன்னேன். கையிலிருந்த போனில், மாலைக்குள்ளிருந்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.